உருளும் இல்லமும் இல்லாளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பயணமும் இலக்கியமும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலர் என்னைப் பணித்தார். கோவலனும் கண்ணகியும் மதுரை நோக்கி நடந்ததையும், மணிமேகலை மணிபல்லவம் சேர்ந்ததையும் நான் எடுத்துரைப்பேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றை இதே மேடையில் என்னினும் வல்லார் பலர் பேசியிருக்கின்றனர். நான் இன்று என் பெரியப்பா மகளும் அவர்தம் கணவரும் அமெரிக்காவில் மேற்கொண்டிருக்கும் ஒரு பயணத்தைப் பற்றிப் பேச எண்ணுகின்றேன். அதிலும் அதன் முதல் நான்கு மாதங்களை மட்டுமே சொல்லப்போகின்றேன். குடும்பத்துச் செய்தியை அவையில் வைக்கலாமா என்று அக்காவிடமே கேட்டேன். "பெயரை விட்டுவிடு, நடந்ததை விடாதே" என்றார். அந்த அனுமதியோடு தொடங்குகின்றேன்.

வீட்டை விற்றவர்கள்

அக்காவும் அத்தானும் 31 ஆண்டுகள் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு வெளியே ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். அத்தான் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர். அக்கா ஒரு பள்ளி நூலகத்தில் பணியாற்றினார். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு கடற்கரையில் வேலை பார்க்கின்றனர். அத்தானுக்கு 67 வயது, அக்காவுக்கு 64. பணி ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் வீட்டை விற்றுவிட்டு, மோட்டார் ஹோம் என்று அங்கே வழங்கும் வண்டியை வாங்கி, அதிலேயே குடியேறினர். விடுமுறைக்குச் சென்று திரும்புவதற்காக அன்று. திரும்புவதற்கு வீடே இல்லை. வண்டிதான் வீடு. அதனை நான் 'வீட்டு வண்டி' என்றே இந்த உரை முழுதும் சொல்லப்போகின்றேன்.

அமெரிக்காவில் இது புதுமை அன்று. 1960ஆம் ஆண்டில், தம் 58ஆம் வயதில், நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு சிறு லாரியின் முதுகில் அறை அமைத்து, அதற்கு டான் குயிக்சாட்டின் குதிரைப் பெயரைச் சூட்டி, நாட்டைச் சுற்றிவந்தார். அப்பயண நூல் 1962இல் வெளிவந்தது. உடன் சென்றது சார்லி என்னும் நாய். மனைவி இடையிடையே வந்து சில நாள் சேர்ந்துகொண்டதோடு சரி. வேறொரு முகமும் இதற்கு உண்டு. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீட்டை இழந்து, வண்டிகளில் வாழ்ந்து, கிடங்குகளிலும் வயல்களிலும் பருவக் கூலிகளாக உழைக்கும் முதியோரைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் 'நோமேட்லேண்ட்' என்ற நூலை எழுதினார். அதனைத் தழுவிக் குளோயி சாவோ இயக்கிய படம் 2021இல் ஆஸ்கார் விருது பெற்றது. ஆகவே, அந்நாட்டில் வண்டியில் வாழும் முதியவர் எல்லாரும் வீட்டை விட்டவர் அல்லர். வீடு கைவிட்டவரும் அவருள் உண்டு. என் அக்காவும் அத்தானும் முதல் வகையினர். ஓய்வூதியம் உள்ளவர்கள். இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

இனி, ஒரு சொல்லைப் பாருங்கள். நம் மொழியில் இல்லாள் என்றால் இல்லத்துக்கு உரியவள். இல்லான் என்றால் இல்லத்துக்கு உரியவன் என்று பொருள்படுவதில்லை. ஏதும் இல்லாதவன் என்றே பொருள். வகுப்பில் இதனைச் சொன்னால் மாணவியர் மகிழ்ந்து சிரிப்பார்கள். நானும் பெருமையோடு சொல்லிவந்தேன். இல்லம் பெண்ணுக்கு உரியது என்பதற்கு மொழியே சான்று என்பேன். ஆனால், அந்த இல்லத்தை விற்பது என்ற முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று அக்காவைக் கேட்டபோது அவர் சொன்ன விடை இது: "ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது அவர் சொன்னார். நான் சரி என்றேன். அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் அதிகம் பேசவில்லை."

எடையிட்டு எடுத்தவை

வீட்டு வண்டியில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதை எழுதி, கதவோரத்தில் ஒரு வில்லை ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணே குடும்பத்தின் சட்டம். நன்னீர்த் தொட்டியில் 40 கேலன், அதாவது ஏறத்தாழ 150 லிட்டர் நீரை நிரப்பினாலே 150 கிலோ போய்விடுகின்றது. எஞ்சியதில்தான் பாத்திரம், துணி, கருவிகள், புத்தகம் எல்லாம்.

வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. சோபாவும் கட்டிலும் அரை நாளில் போய்விட்டன. அவற்றுக்காக அக்கா வருந்தவில்லை. பெரியம்மா ஊரிலிருந்து கப்பலில் அனுப்பிய அம்மிக்கல்லுக்கு வந்தபோதுதான் கை நின்றது. அதனை ஒரு தோழியிடம் கொடுத்துவிட்டு, பூண்டு நசுக்கும் சிறு கல்லுரலை மட்டும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். அறுநூறு புத்தகங்களில் நாற்பதைத் தேர்ந்தார். தேர்ந்ததன் முறை எனக்கு வியப்பைத் தந்தது. சிறந்த நூல் எது என்று அவர் பார்க்கவில்லை. "நூலகத்தில் மீண்டும் கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கும் என்றால் விட்டேன்" என்றார். அதனால் ஆங்கில நாவல்கள் அனைத்தும் இறங்கிவிட்டன. தமிழ் நூல்கள் ஏறிக்கொண்டன. அமெரிக்கச் சாலையில் ஓடும் அந்த வண்டியின் மேலடுக்கில் பத்துப்பாட்டு மூலமும் உரையும் இருக்கின்றது. இதனைப் பின்னர் நினைவூட்டுவேன்.

செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் புறப்பட்டார்கள். வண்டியின் நீளம் 30 அடி. பின்புறம் கட்டில், நடுவில் அடுப்பும் சாப்பாட்டு மேசையும், முன்புறம் ஓட்டுநர் இருக்கை. மொத்தமும் நம் ஊரில் ஒரு நடுத்தரக் கூடத்தின் அளவுதான். அடியில் மூன்று தொட்டிகள்: ஒன்றில் நன்னீர், ஒன்றில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும், மூன்றாவதில் கழிப்பறைக் கழிவு. சில நாளுக்கு ஒருமுறை அதற்குரிய இடம் தேடிச் சென்று, தடித்த குழாய் பொருத்தி, கழிவைத் திறந்துவிட வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, பின்னர் குளியல் நீர்த் தொட்டி என்பது வரிசை. அப்போதுதான் பின்னது முன்னதன் குழாயைக் கழுவும். முதன்முறை அத்தான் வரிசையை மாற்றிவிட்டார். அன்று மாலை முழுவதும் குழாய் கழுவியே கழிந்தது. தூய்மைப் பணியாளர்மேல் அத்தானுக்கு இருந்த மரியாதை அன்றுமுதல் இருமடங்கு ஆனதாம். இது நம் எல்லாருக்கும் உரிய பாடம்.

அக்காவின் பகுதியிலும் இடர் இருந்தது. முதல் நாள் சாம்பாருக்குக் கடுகு தாளித்தபோது புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. அண்டையில் வண்டி நிறுத்தியிருந்தவர்கள் தீயணைப்பானோடு ஓடிவந்தார்கள். அதன்பின் தாளிப்பதற்கு முன் கூரைச் சாளரத்தைத் திறந்து, காற்றாடியைச் சுழலவிட்டு, கதவையும் திறந்துவைப்பது வழக்கமாயிற்று. "ஒரு ஸ்பூன் கடுகுக்கு இத்தனை ஆயத்தம்" என்று அக்கா சிரித்தார்.

இப்படியாக வேலை தானே பிரிந்தது. வண்டிக்கு வெளியே உள்ளது அத்தானுக்கு: ஓட்டுதல், நீர், கழிவு, மின்கம்பி, சக்கரம். உள்ளே உள்ளது அக்காவுக்கு: சமையல், துணி, மருந்து, கணக்கு, பிள்ளைகளோடு பேச்சு. இல்லம் உருளத் தொடங்கிய பிறகும், இருந்த வீட்டில் என்ன நடந்ததோ அதுவே நடந்தது.

வழியில் கண்டோர்

அக்டோபரில் டெக்சஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் என்னும் சிற்றூரை அடைந்தார்கள். வீடில்லாதவர்க்கு முகவரி வேண்டுமே! ஓட்டுநர் உரிமத்துக்கும் வரிக்கும் வாக்குக்கும் ஏதேனும் ஓர் ஊர் வேண்டும். 1978இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் தம்பதியர் இவ்வாறு வாழ்வோர்க்காக 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். அதன் தலைமையிடம் லிவிங்ஸ்டன். உறுப்பினர்க்கு அங்கே முகவரி உண்டு. வரும் கடிதங்களைச் சேர்த்துவைத்து, அவர்கள் எங்கே இருக்கின்றார்களோ அங்கே அனுப்பிவிடுகின்றனர். ஒரு வாரமே தங்கிய ஊர் அக்காவின் சொந்த ஊராயிற்று.

அங்கே கண்டவற்றுள் அக்காவை மிகவும் கவர்ந்தது மாலை நேரத்து உரையாடல். ஒவ்வொருவரும் வண்டிக்கு முன் நாற்காலி போட்டு அமர்கின்றனர். யார் எவர் என்று கேட்பதில்லை; எங்கிருந்து வருகின்றீர்கள், எங்கே போகின்றீர்கள் என்பதே முதல் கேள்வி. பிறகு, "அந்தப் பாலத்தின் உயரம் போதாது, சுற்றிச் செல்லுங்கள்", "அந்த ஊர்ப் பூங்காவில் நல்ல தண்ணீர் கிடைக்கும்", "மலைச்சரிவில் இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று போனவர்கள் போகின்றவர்களுக்குச் சொல்கின்றனர். அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதற்கு நம்மிடம் ஓர் இலக்கிய வகையே உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் கலைஞனுக்கு வழி சொல்லுதல். லிவிங்ஸ்டனில் வள்ளல் இல்லை, பரிசில் இல்லை. வழி சொல்லும் நெஞ்சு மட்டும் இருக்கின்றது.

நவம்பரில் மேற்கே நகர்ந்தார்கள். குரற்செய்திகளில் அக்காவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஊரைப் பற்றிச் சொல்வார், தம்மைப் பற்றிச் சொல்லமாட்டார். ஒருநாள் தூண்டிக் கேட்டபோது, "இங்கே கோபித்துக்கொண்டு போவதற்கு ஓர் அறை இல்லையே" என்றார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனால் பழைய வீட்டில் அவருக்கு நூலக வேலை இருந்தது, தோட்டம் இருந்தது, தோழியர் இருந்தனர், தாமே ஓட்டிச் செல்லும் கார் இருந்தது. முப்பது ஆண்டு கார் ஓட்டியவர், இப்போது வலப்பக்க இருக்கையில் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். எப்போது புறப்படுவது, எங்கே நிற்பது என்பவை எல்லாம் ஓட்டுகின்ற கையைப் பொறுத்தன. "நான் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று இருமுறை கேட்டாராம். "இவ்வளவு பெரிய வண்டி, உனக்கு ஏன் சிரமம்?" என்பது அத்தானின் விடை. அதில் அன்பும் இருந்தது. அன்பு மட்டுமே இருந்தது என்று சொல்வதற்கில்லை. நாற்பது ஆண்டு உழைத்த மனிதருக்குப் பணி ஓய்வுக்குப் பின் எஞ்சியிருந்த ஒரே பணி அந்த வண்டியை ஓட்டுவதுதான். அதனைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு மனம் வரவில்லை. இதனைப் பின்னர் அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

கல் பொறுக்கிய இடம்

நியூ மெக்சிகோ மாநிலத்தில் டெமிங் என்னும் ஊருக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ராக்ஹவுண்ட் என்றொரு மாநிலப் பூங்கா உள்ளது. வறண்ட மலைச்சரிவு. பூங்கா என்றால் எதையும் தொடாதே என்பதே பெரும்பாலும் சட்டம். இங்கேயோ, தரையில் கிடக்கும் அகேட், ஜாஸ்பர் முதலிய கற்களைப் பொறுக்கி எடுத்துச் செல்லலாம். ஒருவர் 15 பவுண்டு, அதாவது 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுபோகலாம். அம்மிக்கல்லைக் கொடுத்துவிட்டு வந்த அக்கா, அங்கே இரண்டு நாள் கல் பொறுக்கினார்.

மூன்றாம் நாள் நள்ளிரவில் அத்தானுக்கு விலாவின் பின்புறம் வலி எடுத்தது. வலி என்றால் சாதாரண வலி இல்லை. கட்டிலில் படுக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மாரடைப்போ என்று அஞ்சிய அக்கா அவசர உதவியை அழைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனைக்குச் சென்றபின் தெரிந்தது, சிறுநீரகக் கல். கல் பொறுக்கப் போன இடத்தில் கல்லால் வந்த வலி. இன்று நாம் சிரிக்கலாம். அன்றிரவு அவர்கள் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். பெயர், வயது, பிறகு முகவரி. லிவிங்ஸ்டன் முகவரியை அக்கா எழுதினார். "அங்கிருந்தா வருகின்றீர்கள்? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்குமே! வீட்டில் வேறு யார் இருக்கின்றார்கள்?" என்று அந்தப் பணிப்பெண் பரிவோடுதான் கேட்டார். அக்காவால் விடை சொல்ல முடியவில்லை. "வீடு பூங்காவில் நிற்கின்றது என்று சொல்ல வாய் வரவில்லை" என்றார் என்னிடம்.

அடுத்த இடர் காலையில் வந்தது. பூங்காவில் அவர்கள் பதிவு செய்திருந்த நாள்கள் அன்றோடு முடிந்தன. நண்பகலுக்குள் இடத்தை ஒழித்துத் தர வேண்டும். வேறொருவர் பதிவு செய்திருந்தார். அத்தானை மேலும் ஒருநாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றனர் மருத்துவர்கள். வண்டியின் பின்னால் சிறு காரை இழுத்துச் செல்வது பலர் வழக்கம். இவர்கள் இன்னும் அதனை வாங்கியிருக்கவில்லை. வாடகைக் காரில் பூங்காவுக்குத் திரும்பிய அக்கா, வண்டியின் படிக்கட்டில் அமர்ந்தார். கையில் சாவி இருக்கின்றது. வாழ்நாள் சேமிப்பும், நாற்பது நூலும், கல்லுரலும் உள்ளே இருக்கின்றன. இல்லத்துக்கு உரியவள் இல்லத்தின் வாசலிலேயே இருக்கின்றாள். அந்த இல்லத்தை நூறு அடி நகர்த்த அவளால் முடியவில்லை.

அன்பர்களே, இங்கே சட்டத்தின் தடை ஏதும் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இத்தகைய வண்டிக்குச் சாதாரணக் கார் உரிமமே போதும். 26,000 பவுண்டு எடை வரை வேறு தேர்வு வேண்டுவதில்லை. உரிமம் அக்காவின் பையில் இருந்தது. தடுத்தது சட்டம் அன்று. 'உனக்கு ஏன் சிரமம்' என்ற நான்கு மாதத்துச் சொல், இல்லை, நாற்பது ஆண்டுச் சொல்.

அண்டை இடத்தில் ஒரு சிறிய வண்டியில் தனியாகத் தங்கியிருந்தார் மின்னசோட்டாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர். வயது 74. அவர் வந்து விசாரித்தார். சாவியை வாங்கினார். மின்கம்பியையும் நீர்க்குழாயையும் கழற்றினார். டெமிங் ஊருக்குள், மருத்துவமனைக்கு அருகே இருந்த தனியார் தங்கிடம் ஒன்றுக்கு வண்டியை ஓட்டிவந்து நிறுத்தினார். நன்றி சொன்ன அக்காவிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "என் கணவர் இறந்த பிறகு நான் ஓட்டக் கற்றேன். நீ அதற்கு முன்பே கற்றுக்கொள்."

கற்றலும் விட்டுக்கொடுத்தலும்

அத்தான் மறுநாள் வெளியே வந்தார். ஒரு வாரம் ஓய்வு. அந்த ஒரு வாரமும் அந்த மூதாட்டி அக்காவுக்கு ஆசிரியர் ஆனார். ஞாயிறு காலையில் ஆளில்லாத வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் பாடம் தொடங்கியது. பின்சக்கரத்துக்கு அப்பால் வண்டியின் வால்பகுதி நீண்டிருப்பதால், இடப்பக்கம் திரும்பினால் வால் வலப்பக்கம் வீசும். அதனைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். சந்தியில் அகலமாகத் திரும்ப வேண்டும். நிற்பதற்குக் காரைவிட நெடுந்தொலைவு வேண்டும். வண்டியின் உயரத்தை ஓர் அட்டையில் எழுதிக் கண்முன் ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்னோக்கி நகரும்போது ஒருவர் இறங்கி நின்று கைகாட்ட வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். அத்தானுக்குக் கைகாட்டும் வேலை தரப்பட்டது.

டிசம்பர் விடுமுறையில் நான் சென்று, எல் பாசோ விமான நிலையத்தில் இறங்கினேன். என்னை அழைத்துச் செல்ல வந்த வண்டியை ஓட்டிவந்தவர் அக்கா. பன்னிரண்டு நாள் அவர்களோடு இருந்தேன். அவற்றுள் ஒருநாளைச் சொல்லியாக வேண்டும். லார்ட்ஸ்பர்க் என்னும் ஊரைத் தாண்டி, 10ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். இருபுறமும் வறண்ட ஏரிப்படுகை. புழுதிப்புயல் எழுந்தால் முன்னால் போகும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. அதனால் வரிசையாக அறிவிப்புப் பலகைகள் வைத்திருக்கின்றனர்: சாலையை விட்டு விலகு, வண்டியை அணை, பிரேக்கிலிருந்து காலை எடு, இருக்கை வாரைக் கழற்றாதே. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரியும். அந்த விளக்கைச் சாலை என்று எண்ணிப் பின்னால் வருபவர் வந்து மோதுவார். அதற்காகத்தான் இந்த எச்சரிக்கை. அன்று புயல் இல்லை, பக்கக்காற்று மட்டும் வண்டியைத் தள்ளியது. அக்காவின் இரு கைகளும் சக்கரத்தில் இறுகியிருந்தன. வேகத்தைக் குறைத்தார். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். சிறிது நேரம் கழித்து ஜன்னலைப் பார்த்தபடி, "மூன்று மாதத்தில் இன்றுதான் நான் மலையைப் பார்க்கின்றேன்" என்றார். அதுவரை அவர் பார்த்தது சாலையை மட்டுமே.

நண்பகலில் ஓரிடத்தில் நிறுத்தினோம். ஓட்டிவந்தவர் களைத்திருப்பார் என்பதால் அன்று சமையல் அத்தானுடையது. இதுவும் புதிய ஏற்பாடு. இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சக்கரத்தை விட்டுக்கொடுக்க அத்தான் தயங்கியதைப் போலவே, அடுப்பை விட்டுக்கொடுக்க அக்காவும் தயங்கினார். "கடுகு வெடிக்கட்டும், அப்புறம் உளுந்து போடுங்க, தீயைக் குறைங்க" என்று இருக்கையில் இருந்தபடியே ஓட்டினார், அடுப்பையும்! அத்தான் தாளித்தார்; கருவி அலறியது. மூவரும் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து நின்று சிரித்தோம். உப்புமாவில் உப்பு கூடுதல். ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் அரிசோனாவின் தென்கிழக்கே, ஒயிட்வாட்டர் டிரா என்னும் ஈரநிலத்துக்குச் சென்றோம். வடக்கே பனி மூடிய நிலங்களிலிருந்து சாண்ட்ஹில் கிரேன் எனப்படும் பெருங்கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே ஆயிரக்கணக்கில் வருகின்றன. இரவில் ஆழமற்ற நீரில் நின்று உறங்கி, விடியலில் வயல்களுக்குப் பறந்து செல்கின்றன. இணை பிரியாத பறவைகள். அவற்றைப் பார்த்தபோது நாரையைத் தூதுவிட்ட சத்திமுற்றப் புலவர் நினைவுக்கு வந்தார். அவர் மனைவி வீட்டில் இருந்தார். அதனால் தூது வேண்டியிருந்தது. இவ்விருவருக்கும் தூது அனுப்ப வீடில்லை. கரையில் அருகருகே, ஒரே போர்வைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் படிக்கத் தவறியது

அன்றிரவு அக்கா மேலடுக்கிலிருந்து பத்துப்பாட்டை எடுத்து, பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து என் கையில் கொடுத்தார். "இதை நீ பாடம் நடத்தியிருப்பாயே?" என்றார். நடத்தியிருக்கின்றேன், பதினெட்டு ஆண்டுகளாக நடத்துகின்றேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய 500 அடிப் பாட்டு. அதில் உப்பு விற்கும் உமணரின் வண்டி வருகின்றது. கூரை வேய்ந்த வண்டி. கோழி அடையும் கூடு அதில் உண்டு. சிறிய உரல் ஒன்று தொங்குகின்றது. வண்டியின் முன்புறம் காடிக் கலத்தைக் கயிற்றால் இறுகக் கட்டியிருக்கின்றனர். சமையலறை, பண்டசாலை, குடில் எல்லாம் சேர்ந்த ஒரு முழு வீடு, சக்கரத்தின்மேல். பெரிய உரலை விட்டுவிட்டுச் சிறிய உரலை எடுத்துக்கொண்ட பெண் ஒருத்தி அன்றும் இருந்திருக்கின்றாள்!

இந்தப் பகுதியில் எத்தனை உவமைகள் என்று நான் மாணவியருக்கு எண்ணிக் காட்டியிருக்கின்றேன். சக்கரத்துக்கு ஓர் உவமை, கூரைக்கு ஓர் உவமை, உரலுக்கு ஓர் உவமை, கயிறு கட்டிய கலத்துக்கு ஓர் உவமை. தேர்விலும் கேட்டிருக்கின்றேன். சேம அச்சைப் பற்றியும் சொல்லியிருக்கின்றேன். வழியில் அச்சு முறிந்தால் உதவும் என்று உமணர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அதனை உவமையாக்கினார் என்று புறநானூற்றையும் துணைக்கு அழைத்திருக்கின்றேன். ஆனால், ஒன்றை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வண்டியை ஓட்டுபவர் யார்?

கைக்குழந்தையை உடைய பெண். எருதுகளை ஓட்டிச் செல்பவள் அவளே. வலிய தோளுடைய ஆடவர் வண்டி வரிசையின் பக்கத்தில் காவலாக நடந்து வருகின்றனர். புலவர் இதனை வியப்பாகச் சொல்லவில்லை, வீரமாகவும் சொல்லவில்லை. கோழியையும் உரலையும் சொல்வதுபோல் இயல்பாகச் சொல்லிச் செல்கின்றார். அவளுக்கு உவமையே கூறவில்லை. அதனால்தான் உவமைகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அவள் கண்ணில் படவில்லை போலும். முனைவர் பட்டம் பெற்ற நான் பதினெட்டு ஆண்டு காணாததை, மூன்று வாரம் வண்டி ஓட்டிய அக்கா கண்டுவிட்டார்.

இல்லாள் என்னும் சொல்லைப் பற்றி நான் வகுப்பில் சொல்லிவந்த பெருமையை இப்போது சற்றுத் திருத்திக்கொள்கின்றேன். இல்லத்துக்குள் இருப்பதனால் இல்லம் ஒருத்திக்கு உரியதாகிவிடாது. அது எங்கே நிற்பது, எப்போது புறப்படுவது என்பதில் அவள் கை இருந்தால்தான் அது அவளுக்கு உரியது. நின்ற வீட்டில் இந்த உண்மை முப்பது ஆண்டு மறைந்திருந்தது. வீடு உருளத் தொடங்கியதும் நான்கே மாதத்தில் வெளிப்பட்டுவிட்டது. இந்த ஒன்றைச் சொல்லவே இவ்வளவு தொலைவு உங்களை அழைத்துவந்தேன்.

இப்பயணத்தை நான் அழகுபடுத்திக் காட்ட விரும்பவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 4 கிலோமீட்டர் தேறாத வண்டி அது. பேரக்குழந்தையின் பிறந்தநாளைத் தொலைபேசித் திரையில் பார்த்துவிட்டு அக்கா அழுத இரவும் உண்டு. முதுமை கூடும்போது என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. லிவிங்ஸ்டனில், பயணம் செய்ய இயலாமற்போன முதியோர் தம் வண்டியிலேயே தங்கியிருக்க, உணவும் பகல்நேரக் கவனிப்பும் தரும் அறநிலையம் ஒன்று அந்தச் சங்கத்தின் சார்பில் நடக்கின்றது. அக்டோபரில் அதன் வழியே நடந்து சென்றபோது இருவரும் பேசாமல் சென்றனராம். "இப்போது அதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கின்றோம்" என்று அண்மையில் அக்கா சொன்னார். காபி குடிக்கும்போது ஒருவர் சொல்ல மற்றவர் சரி என்ற காலம் முடிந்ததே, அதுவே எனக்கு நிறைவு.

நிறைவாக ஒன்று. நம் இலக்கிய வட்டத்துக்குப் பத்தாண்டுகளாகச் சொந்தக் கட்டடம் இல்லை. பள்ளி அறையிலும் நூலக மாடியிலும் அன்பர் வீட்டுத் திண்ணையிலுமாக நகர்ந்து நகர்ந்தே வந்திருக்கின்றது. வட்டம் என்றால் சக்கரமும்தானே! கட்டடம் இல்லையே என்று செயலர் வருந்த வேண்டாம். ஆனால் இந்தச் சக்கரத்தின்மேல் யார் அமர்ந்து ஓட்டுகின்றார்கள், யார் பத்தாண்டுகளாகத் தேநீர்க் கோப்பையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றார்கள் என்பதை இந்த நாளில் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். இந்த அவையில் கவிதை எழுதும் பெண்கள் பலர் இருக்கின்றனர். பதினோராம் ஆண்டின் கூட்டங்களுள் சிலவற்றையேனும் அவர்கள் நடத்தட்டும், நாம் கைகாட்டுவோம். கண்ணாடியில் தெரியும்படி நின்று கைகாட்டுவோம்.